உளியைக் கொடுத்த வருஷம்

3 பிப்ரவரி 1997, திங்கள்

ஒன்பதாவது குழி இன்றும் முடியவில்லை. ஸ்காட்லாந்தில் ஏதோ ஒரு பழைய மைதானம். கோடு கோடாக வரைபடம் அனுப்பியிருக்கிறார்கள். மேடு எது, பள்ளம் எது என்று கண்டுபிடிப்பதற்குள் கண் பூத்துப்போகிறது. டிப்ளமோ சிவில் முடித்து, வீட்டுமனை லேஅவுட்டுக்கு வெள்ளைக்கல் நட அளந்துகொண்டிருந்தவளை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. ஐந்து கோல்ஃப் மைதானம் போட்டாயிற்று. நேரில் ஒன்றைக்கூடப் பார்த்தது கிடையாது.

கீழே கங்கப்பன் சாருடைய பிரஸ் ஷாப். லாரிக் கம்பெனிக்கு இரும்புத் தகட்டில் வாஷரும் பிராக்கெட்டும் அடிக்கிறார்கள். மேல்மாடியில் நாங்கள் மூன்று பேர். ஜெபராஜ் புரோகிராம் எழுதுவார், நான் நிலம் போடுவேன், முனிலட்சுமி மரமும் தண்ணீரும் வானமும் வரைவாள். இங்கிலாந்துக் கம்பெனி ஒன்று கோல்ஃப் வீடியோ கேம் விற்கிறது. அந்தக் கேமில் ஆடுவதற்குப் புதுப்புது மைதானங்கள் செய்து கொடுப்பது எங்கள் வேலை. ஒவ்வொரு மைதானமும் தனி டிஸ்க்காகக் கடைக்குப் போகும். நிலத்தைச் செதுக்குவதற்கென்று ஜெபராஜ் ஒரு சாஃப்ட்வேர் எழுதி வைத்திருக்கிறார். பெயர் ‘உளி’.

கீழே பிரஸ் இறங்கும்போதெல்லாம் மானிட்டர் நடுங்குகிறது. ஸ்காட்லாந்துக்கே நிலநடுக்கம் வந்துவிடும் போலிருக்கிறது என்றேன். முனிலட்சுமி சிரித்தாள். நான் கோபமாகத்தான் சொன்னேன்.

11 பிப்ரவரி

ஃபேக்ஸ் வந்தது. கங்கப்பன் சார் மேலே ஏறி வந்து, என் மேஜையில் வைத்துவிட்டு நின்றார்.

அடுத்த கேம் ஜூனில் வருகிறதாம். அதன் டப்பாவுக்குள்ளேயே உளியையும் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். வாங்குகிறவர்கள் அவரவர் மைதானத்தை அவரவரே செய்துகொள்வார்கள், செய்ததை ஒருவருக்கொருவர் கொடுத்தும் கொள்வார்கள். இது நல்ல யோசனை என்று நினைக்கிறோம், உங்கள் கருத்து என்ன?

என் கருத்தா? ஓட்டல் வைத்திருப்பவனிடம் வந்து, உன் அடுப்பையும் அரிசியையும் வாசலில் வை, வருகிறவன் எல்லாம் தானே வடித்துக்கொள்ளட்டும் என்றால் அவன் என்ன கருத்து சொல்வான்?

12 பிப்ரவரி

தூக்கமே வரவில்லை. ஆறாவது டிஸ்க்கை யார் வாங்குவார்கள்?

14 பிப்ரவரி, வெள்ளி

இன்று சண்டை. நல்ல சண்டை.

ஜெபராஜுக்கு அந்த ஃபேக்ஸ் பிடித்திருக்கிறது! நாசரேத்துக்காரர், நான் எவ்வளவு கத்தினாலும் நிதானமாகவே பேசுவார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

“ஒண்ணு கேக்கேன் மேரி. நாம போட்டத ஒருத்தன் வாங்குதான். கொஞ்ச நாள் ஆடுதான். எங்க மணலு, எங்க தண்ணின்னு மனப்பாடம் ஆயிருது. பொறவு என்ன செய்வான்? கேமைத் தூக்கிப் பரண்ல போட்ருவான். மூணாவது டிஸ்க்க விட நாலாவது கம்மியாத்தானே போச்சு? அஞ்சாவது அதுக்கும் கம்மி. நாம வருஷத்துக்கு ரெண்டு போடுதோம். அவங்களே போட்டா வாரா வாரம் வரும். கேமு சாவாது.”

“கேமு சாவாது. நாம செத்துருவோம்” என்றேன்.

“நமக்கு வேற வேலை வரும்.”

“என்னா வேலை வரும்? சொல்லுங்களேன், என்னா வேலை?”

அது அவருக்கும் தெரியவில்லை. தெரியாததை எவ்வளவு தைரியமாகப் பேசுகிறார்!

கங்கப்பன் சார் அதுவரை ஜன்னலோரம் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏம்மா, கீழ டை இருக்குது பாரு. அது லாரிக் கம்பெனிக்காரன் சொத்து. ஆனா நம்ம ஷாப்புல கெடக்குற வரைக்கும் வேலை நம்மளுது. வண்டியில ஏத்திட்டான்னா முடிஞ்சுது கதை” என்றார். அப்புறம் லேசாகச் சிரித்தார். டை என்பது பிரஸ்ஸில் மாட்டித் தகட்டை வெட்டுகிற அச்சு. அதைக் கம்பெனி திருப்பிக் கேட்டால் இவர் சண்டை போடமாட்டாராம், மரியாதையாகக் கொடுத்துவிடுவாராம். மேல்பாதியும் கீழ்பாதியும் நேராக உட்கார உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு டோவல் பின் இருக்கும். அதை மட்டும் உருவி வைத்துக்கொள்வார். புது ஷாப்பில் மாட்டினால் ஒரு பீஸும் ஒழுங்காக விழாது. கொஞ்ச நாளில் டை திரும்பி வந்துவிடும், வேலையும் கூடவே வரும்.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. “அப்ப நாமளும் ஒரு பின்னை உருவிட்டுக் குடுக்கலாம் சார்.”

எதை உருவுவது என்றும் நானே சொன்னேன். குழியைச் சுற்றி வழவழவென்று வெட்டிய புல்தரை இருக்கும், கிரீன் என்பார்கள். பந்தை உருட்டிக் குழியில் விடுகிற இடம். அதற்குச் சரிவு கொடுக்கிற கருவியை உளியிலிருந்து எடுத்துவிட வேண்டும். அப்புறம் எவன் மைதானம் செய்தாலும் கிரீன் கேரம் போர்டு மாதிரி தட்டையாக இருக்கும். உருட்டினால் நேராகப் போய் விழும். ஆடிப்பார்த்துச் சப்பென்று போய், திரும்ப நம்மிடமே வருவார்கள்.

கங்கப்பன் சார் என்னைப் பார்த்த பார்வையில் பெருமை இருந்தது. ஜெபராஜ் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

6 மார்ச்

சார் சொன்னார் என்பதற்காக ஜெபராஜ் செய்துவிட்டார். சரிவுக் கருவி இன்னும் சரியாக வேலை செய்யவில்லை என்று இங்கிலாந்துக்கு எழுதினோம். அவர்களுக்கு அவசரம், சரி என்றுவிட்டார்கள்.

அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. பேசாவிட்டால் போகட்டும். வேலை போனால் இவருக்கு பெங்களூரில் ஆயிரம் கம்பெனி. எனக்குத் திரும்பவும் வெயிலில் வெள்ளைக்கல்தான்.

30 மார்ச், ஈஸ்டர் ஞாயிறு

கிருஷ்ணகிரியில் பூசை முடிந்து அம்மாவோடு குந்தாரப்பள்ளி சித்தி வீட்டுக்குப் போனோம். சித்தி கேட்டாள், “ஏன் பாப்பா, கம்ப்யூட்டர்ல என்னாதான் பண்ற?” நான் பதில் சொல்வதற்குள் அம்மா, “புல்லு வரையுறா. வெள்ளக்காரன் வாங்கிக்கிறானாம்” என்றாள். சித்தி ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “மாடு வெச்சிருக்கானா?” என்றாள்.

பஸ்ஸில் வரும்போது நினைத்து நினைத்துச் சிரித்தேன். ஆனால் அம்மா எல்லோரிடமும் என் வேலையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த வேலை இல்லாமல் போய்விட்டால் அதை எப்படிச் சொல்வாள்?

19 ஜூன்

புது கேம் அங்கே கடைக்கு வந்துவிட்டது. உளியும் கூடவே.

ஆறாவது டிஸ்க்கை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டார்கள். “நிலைமையைப் பார்த்துச் சொல்கிறோம்.” கங்கப்பன் சார் சுற்றி வளைக்காமல் சொன்னார்: “தீபாவளி வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள வேலை வரலன்னா மேல்மாடிய ஸ்டோர் ரூம் ஆக்கிடுவேன். என்னைத் திட்டாதீங்க.” முனிலட்சுமி பேரிகையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். “அக்கா, நான் என் பிரஷ்ஷெல்லாம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா?” என்று கேட்டாள். திட்டிவிட்டேன். பாவம்.

22 ஜூலை, செவ்வாய்

ஜனங்கள் செய்த மைதானங்கள் வர ஆரம்பித்துவிட்டன. இன்டர்நெட்டில் போடுகிறார்களாம். இங்கிலாந்துக் கம்பெனியின் பெங்களூர் ஏஜெண்ட் அதையெல்லாம் ஃப்ளாப்பியில் ஏற்றி பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பினார்.

ஐயோ, ஐயோ! ஒருத்தன் தன் பெயர் தெரிகிற மாதிரி மரம் நட்டிருக்கிறான். இன்னொருத்தன் மைதானம் முழுக்கத் தண்ணீர், பந்தை வைக்கவே இடமில்லை. இன்னொன்றில் குழியே இல்லை! முனிலட்சுமியும் நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். எல்லாவற்றிலும் கிரீன் மட்டும் தட்டை, பலகை மாதிரி தட்டை. நான் சொன்னது நடந்துவிட்டது. ஜெபராஜ் பார்க்கட்டும் என்றே சத்தமாகச் சிரித்தேன்.

23 ஜூலை

நேற்று பார்க்காமல் விட்ட ஒரு ஃப்ளாப்பி.

இங்கிலாந்தில் யார்க்ஷயர் பக்கம் ஓய்வு பெற்ற ஒரு பல் டாக்டர் செய்ததாம். கிரீன் சரிந்து இருக்கிறது! பந்து வளைந்து ஓடுகிறது! ஜெபராஜ்தான் யாருக்கோ கள்ளத்தனமாகக் கொடுத்துவிட்டார் என்று ஒரு நிமிஷம் அவர் மேல் பாயப் பார்த்தேன். பெரிதாக்கிப் பார்த்தபிறகு புரிந்தது. அந்த மனுஷன் கிரீனே போடவில்லை. வெறும் தரையை நூல் நூலாக நறுக்கி, ஒன்றைவிட ஒன்று மயிரிழை உயரம் வைத்து, படிக்கட்டு மாதிரி அடுக்கி, மேலே கிரீன் நிறத்தைப் பூசியிருக்கிறார். அப்படிப் பதினெட்டுக் குழிக்கும்! பல் கட்டின கை அல்லவா.

கூடவே எப்படிச் செய்வது என்று மற்றவர்களுக்குக் குறிப்பும் எழுதியிருக்கிறார். கடைசி வரியை ஜெபராஜ் தமிழில் வாசித்துக் காட்டினார். நாலு மாதத்துக்குப் பிறகு என்னோடு அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்: “சரிவு போடும் கருவி ஏன் இல்லை என்று தெரியவில்லை. பாவம், இதைச் செய்தவர்களுக்கு அதைச் செய்யத் தெரியவில்லை போலும்.”

தெரியவில்லையா? எங்களுக்கா? எனக்கா?

திருடி என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

8 ஆகஸ்ட்

எல்லோரும் அந்தப் பல் டாக்டர் வழியில் கிரீன் போடுகிறார்கள். போன மாதம் மரத்தில் பெயர் எழுதினவன்கூட! இந்த முறை அவன் அனுப்பியதில் மூன்றாவது குழி நன்றாகவே இருக்கிறது. மேட்டுக்குப் பின்னால் குழியை ஒளித்து வைத்திருக்கிறான், எனக்குக்கூடத் தோன்றாத இடம். அவனைப் பார்த்துச் சிரித்தேனே.

ஏஜெண்ட் போனில் சொன்னார்: வழக்கமாக இரண்டாவது மாதத்தில் படுத்துவிடுகிற கேம் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறதாம். மைதானங்கள் சும்மா கிடைக்கின்றன, அதற்காகவே வந்து வாங்குகிறார்களாம். ஜெபராஜ் பிப்ரவரியில் சொன்னது அப்படியே. அவர் வாயைத் திறந்து ‘பார்த்தியா’ என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருப்பித் திட்டவாவது வசதியாக இருந்திருக்கும்.

சரி, கேம் பிழைத்துவிட்டது. நாங்கள்? ஆறாவது டிஸ்க் வேண்டவே வேண்டாம் என்று இன்று எழுதிவிட்டார்கள்.

25 ஆகஸ்ட், திங்கள்

இங்கிலாந்திலிருந்து கேள்வி. சரிவு வேண்டும் என்று ஜனங்கள் எழுதிக் குவிக்கிறார்கள். செய்ய முடியுமா? எவ்வளவு காலம் ஆகும்?

கங்கப்பன் சாருக்கு முகமெல்லாம் வெளிச்சம். “திரும்பி வந்துட்டாம்மா! ஆறு மாசம் ஆவும்னு எழுதிடலாம். ஆறு மாசச் சம்பளம் வந்துடும்.”

என் யோசனை பலித்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்கு அந்தப் பல் டாக்டரின் படிக்கட்டுகள்தான் கண்ணில் நின்றன. நான் ஒரு நொடியில் இழுக்கிற சரிவை அந்தக் கிழவர் உட்கார்ந்து நறுக்கியிருக்கிறார். இன்னும் ஆறு மாதம் எல்லோரும் நறுக்க வேண்டுமா, எங்களுக்குச் சம்பளம் வர வேண்டும் என்பதற்காக? அதற்குள் சலித்துப்போய் ஆட்டத்தை விட்டுவிட்டால் எங்களுக்கு என்ன மிஞ்சும்?

எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். “சார், நான் சொன்ன ஐடியா தப்பு. பின்னைப் போட்டுக் குடுத்துடலாம். இப்பவே.”

“மாட்டிக்கிவோம்மா” என்றார் சார்.

“திரும்ப எழுத எத்தனை நாள் ஆகும்?” என்று ஜெபராஜிடம் கேட்டேன். அவர் மானிட்டரைப் பார்த்தபடியே, “எழுதணுமா? நான் எங்க எடுத்தேன். மறைச்சுல்லா வச்சிருக்கேன்” என்றார்.

கழுதை! மார்ச்சிலிருந்து வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறான். இன்றைக்கு ‘அவர்’ எல்லாம் கிடையாது.

26 ஆகஸ்ட்

இங்கிலாந்துக்கு என்ன எழுதுவது? உண்மையைச் சொன்னால் வேலை மொத்தமும் போகும். ஆறு மாதம் என்று பொய் சொல்ல நான் ஒத்துக்கொள்ளவில்லை. கங்கப்பன் சார் ராத்திரி முழுக்க யோசித்தாராம். காலையில் வந்து சொன்னார்: “கம்பெனிக்காரன் வந்து பின் எங்கய்யான்னு கேட்டா, பெஞ்சுக்கு அடியில கெடந்துது சார்னு எடுத்துக் குடுப்போம். அவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். டீ குடிச்சிட்டுப் போயிடுவான். அதையே எழுது.”

எழுதினோம். ‘உள்ளேயே கிடந்தது, கண்டெடுத்துச் சரிபார்த்து இத்துடன் அனுப்புகிறோம்.’ ஃபேக்ஸ் மெஷினுக்குள் காகிதம் போகும்போது முனிலட்சுமி சாமி கும்பிட்டாள். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். சார் இரண்டு கடவுளுக்கும் சேர்த்து “நடக்கறது நடக்கட்டும்” என்றார்.

29 ஆகஸ்ட்

பதில் ஒரே வரி: ‘கிடைத்ததில் மகிழ்ச்சி.’

அவர்களுக்கும் தெரிந்திருக்குமோ? அவ்வளவு தூரத்தில் டீ குடித்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்களா?

10 அக்டோபர், ஆயுத பூஜை

கீழே டைகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். மேலே மூன்று மானிட்டருக்கும் முனிலட்சுமி பொட்டு வைத்தாள். திரையின் நடுவிலேயே வைத்துவிட்டாள், துடைத்தால் போகமாட்டேன் என்கிறது.

சரிவுக் கருவி அங்கே போய்ச் சேர்ந்த பிறகு மைதானங்கள் வெள்ளமாக வருகின்றன. நல்லது, கெட்டது, பாதியில் விட்டது, ஆரம்பித்தவுடன் கேமையே முடக்கிவிடுவது என்று எல்லாம் கலந்து. வாங்குகிறவர்கள் எதை எடுப்பது என்று தெரியாமல் திண்டாடுகிறார்களாம். தீபாவளி நெருங்குகிறது. சார் ஸ்டோர் ரூம் பேச்சை எடுக்கவில்லை, ஆனால் நேற்று ஜன்னலில் நின்று அறையைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார். லேஅவுட் அளந்தவளுக்கு அந்தப் பார்வை தெரியாதா?

21 அக்டோபர், செவ்வாய்

வேலை வந்துவிட்டது. வேலை வந்துவிட்டது!

நீளமான ஃபேக்ஸ். வருகிற மைதானம் ஒவ்வொன்றையும் நாங்கள் ஆடிப் பார்த்துச் சோதிக்க வேண்டும். உடைந்ததைச் சரிசெய்ய வேண்டும். நல்லவற்றைப் பொறுக்கி, செய்தவர்களின் பெயரோடு ஒரு சிடி போடப்போகிறார்கள். செய்தவர்களுக்கும் பங்கு உண்டாம். அது மட்டுமில்லை. ஜனங்கள் மைதானம் கேட்கவில்லை, மைதானம் செய்வதற்குச் சாமான் கேட்கிறார்கள்: புது மரம், பாறை, வேலி, பாலம். அதைத் தனி டிஸ்க்காக விற்கலாமாம். அது முழுக்க முனிலட்சுமி வேலை. அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், எதற்கு மறைக்க வேண்டும்.

அடுப்பைக் கொடுத்தால் ஓட்டல் போய்விடும் என்றுதானே குதித்தேன். ஊரே சமைக்க ஆரம்பித்தால் அரிசி, பருப்பு, விறகு யாராவது விற்க வேண்டாமா? இது எனக்கு ஏன் தோன்றவில்லை?

“என்னா வேலைன்னு அன்னைக்குக் கேட்டேனே, இதுதானா?” என்று ஜெபராஜிடம் கேட்டேன். “எனக்கு மட்டும் என்ன தெரியும்? ஏதாவது வரும்னு நெனச்சேன். வந்துட்டு” என்றார்.

20 நவம்பர்

பல் டாக்டர் கம்பெனிக்கு எழுதிய கடிதத்தின் நகலை ஏஜெண்ட் அனுப்பினார். புதுக் கருவி அருமையாம். “செய்தவர்களுக்குத் தெரியவில்லை என்று எழுதியதற்கு வருந்துகிறேன். இதைக் கண்டுபிடிக்க அவர்கள் எவ்வளவு உழைத்திருக்க வேண்டும்! அவர்களுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.”

கங்கப்பன் சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். ஜெபராஜ்தான் முதலில் சிரித்தார். அப்புறம் நாங்கள் சிரித்த சிரிப்பில் கீழே பிரஸ்ஸை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்கள். எனக்குக் காது மட்டும் சாயந்திரம் வரை சூடாகவே இருந்தது.

12 டிசம்பர்

முனிலட்சுமி வரைந்த சூளகிரிப் பாறை இங்கிலாந்தில் எங்கே பார்த்தாலும் கிடக்கிறது. பத்து மைதானம் சோதித்தால் அதில் ஏழில் இருக்கிறது. ஒருவர் அதை ஏரி நடுவில் போட்டிருக்கிறார், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. “அக்கா, கிரானைட் குவாரிக்காரன் பாத்தா ராயல்டி கேப்பான்” என்கிறாள். கொழுப்பு கூடிவிட்டது அவளுக்கு.

5 ஜனவரி 1998, திங்கள்

நாலாவது மேஜை போட்டாயிற்று. சோதிக்க ஆள் போதவில்லை. புதிதாக வருகிறவளுக்கு ஊர் கல்லாவியாம்.

எல்லோரும் போனபிறகு உளியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன் இப்போதெல்லாம். வரைபடம் கிடையாது. எவனும் கேட்கவில்லை. எங்கள் ஷாப்பைச் சுற்றி சிப்காட்டில் காலியாகக் கிடக்கிற மனைகள், லாரி நிறுத்துகிற இடம், மதகு, ஷிப்ட் பஸ் ஷெட். ஷெட்டுக்கு மேலே பந்தைத் தூக்கி அடித்தால் அந்தப் பக்கம் கிரீன். சிரிப்பு வருகிறது. செய்யச் செய்ய விடமாட்டேன் என்கிறது.

22 ஜனவரி

அனுப்பிவிட்டேன். கம்பெனி வழியாக இல்லை. பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் காசு கட்டி, எல்லோரையும் போல இன்டர்நெட்டில் ஏற்றினேன். பெயர்: எஸ். மேரி, இந்தியா.

3 பிப்ரவரி

என் மைதானம் இருந்த ஃப்ளாப்பிக் கட்டு சோதிக்க ஜெபராஜின் மேஜைக்குத்தான் போனது. நான் ஒன்றும் தெரியாத மாதிரி வேறொன்றைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் அவர் பொதுவாக அறையைப் பார்த்துச் சொன்னார்: “இந்தியாவுலேருந்து ஒரு ஆளு அனுப்பியிருக்காவ. லாரி எல்லாம் நிக்கி. மத்தது ஜோர். ஆனா ஏழாவது குழி சரியில்ல. தண்ணிக்கும் கிரீனுக்கும் நடுவுல பந்து நிக்கவே எடமில்ல, எப்பிடி அடிச்சாலும் தண்ணிக்குள்ள போயிருது. திருப்பி அனுப்புதேன்.”

எனக்குச் சுருக்கென்றது. ஏழாவது குழிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது! “அந்த ஆளு வேணும்னுதான் அப்பிடி வெச்சிருக்கும்” என்றேன். “வச்சிருக்கலாம். எனக்குப் பிடிக்கல” என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. தெரியுமா, தெரியாதா? அந்த மனுஷன் முகத்தில் எதையாவது கண்டுபிடிக்க முடியுமா?

நிராகரிக்கும்போது அனுப்புகிற வாசகம் ஒன்று உண்டு. அக்டோபரில் நானே எழுதி, நானே தட்டி வைத்தது. அப்படியே என் பெயருக்குப் போயிற்று: ‘தங்கள் மைதானம் கிடைத்தது. இன்னும் கொஞ்சம் திருத்தினால் மிகவும் நன்றாக வரும். மீண்டும் அனுப்புங்கள், காத்திருக்கிறோம்.’

ஒன்பது மணிக்கு அம்மா கூப்பிட்டாள், சோறு ஆறிவிட்டது என்று. காகிதத்தில் ஏழாவது குழியை வரைந்துகொண்டிருக்கிறேன். அவர் சொன்னது சரிதான், கிரீனை ஓர் அடி பின்னால் தள்ள வேண்டும். கொஞ்சம்தான். அதற்கு மேல் தள்ளமாட்டேன்.